கரை கோர்க்கிறவள்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் பக்கங்களும் கிழிந்திருந்ததால் அதன் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்குத் தெரியாது. கோட்டை மைதானத்தின் ஓரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வேனை நிறுத்தி மொழிபெயர்ப்பு நாவல்களை மலிவாக விற்பார்கள். அட்டை போனதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அதை எனக்கு இன்னும் மலிவாகக் கொடுத்தார்கள். ஆறுமாசம் பனி பெய்யும் ஒரு நாட்டின் கதை. ஒரு பண்ணை வீட்டில் எஜமானரின் மகளும், அந்த வீட்டு அடிமைக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணும் ஒன்றாக வளர்கிறார்கள்.

நான் வீட்டில் வாசிப்பேன். மறுநாள் தறியில் உட்கார்ந்து ரேணுகாவுக்குச் சொல்வேன்.

ரேணுகாம்பாள் நெசவுக்காரத் தெருவில் பன்னீர்செல்வத்தின் மகள். நான் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலனியிலிருந்து அவர்கள் வீட்டுத் தறிக்குக் கூலிக்குப் போகிறவள். பத்தாவது முடித்த வருஷமே போக ஆரம்பித்தேன். அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு உடலுக்கு ஓடும் நாடாக்கட்டை கரைக்குள் நுழையாது. கரைக்குத் தனி நாடா உண்டு. ரேணுகா நடுவில் உட்கார்ந்து உடலுக்கு நாடாவை விடுவாள். அவள் வலப்பக்கம், தறிக்குக் கீழே வெட்டிய அதே குழியில் காலை விட்டு உட்கார்ந்து நான் கரை நாடாவை விட்டு, அவள் இழையோடு என் இழையைக் கோர்ப்பேன். ஒருமுறை விட்டுப்போனாலும் அந்த இடத்தில் சேலை பிளந்து வெளிச்சம் தெரியும். இரண்டு பேர் கை பட்டாலும், நெய்தவள் என்று நடுவில் இருப்பவளைத்தான் சொல்வார்கள். மற்றவள் கரை கோர்க்கிறவள்.

அது எனக்கு உறுத்தியதில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்குள் பெரியது சின்னது என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கதையில் வந்த பெயர்கள் ரேணுகாவின் வாயில் நுழையவில்லை.

“இன்னாடி பேரு இது, தகரத்துல ஆணி வச்சி தேய்க்கிறாப்பல கீது,” என்றாள். அதனால் எஜமானர் மகளுக்குப் பெரியவள் என்றும் அடிமைப் பெண்ணுக்குச் சின்னவள் என்றும் நாங்களே பெயர் வைத்தோம். பெரியவளுக்குத் தினமும் தலை பின்னிவிடுவது சின்னவளின் வேலை. இருவரும் ஒரே கட்டிலில் படுத்துப் பேசிச் சிரிப்பார்கள். உனக்கு விடுதலை வாங்கித் தருகிறேன் என்று பெரியவள் சின்ன வயதில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

பன்னீர்செல்வம் மாமா சரிகைக் கண்டுகளைப் பார்த்தபடி கூடத்தில் நடப்பார். “இன்னாம்மா மேரி, இன்னிக்கு உன் கதையில யாரு செத்தது?” என்று கேட்பார்.

“இன்னும் யாரும் சாவலீங்க.”

“ஜல்தியா சாவடிச்சிடாத. நீ கதை சொன்னாதான் தறி ஓடுது, நிறுத்துனா இவளும் நிறுத்திடறா. ஐப்பசிக்குள்ள இந்தச் சேலை இறங்கணும்.”

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. மற்றவர்களுடையது எவர்சில்வர். என்னுடைய டம்ளரின் அடியில் ரேணுகாவே ஒரு ஆணியால் ‘மே’ என்று கீறி, தறிக்கு மேலிருந்த மாடத்தில் வைத்திருந்தாள். “இது உன்னுது. வேற யாரையும் தொட விடமாட்டேன்,” என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பண்ணை வீட்டில் பெரியவள் சின்னவளுக்குத் தன் கையால் பூ வேலை செய்த ஒரு கைக்குட்டை கொடுப்பாள். அது போல என்று வைத்துக்கொண்டேன். வறண்டு கிடக்கும் கமண்டல நதியைத் தாண்டி வேலைக்குப் போகும்போது கூட, அந்த வெள்ளை மணலை உறைந்துபோன ஆறாகப் பார்த்துக்கொண்டு நடப்பவள் நான். டம்ளரை மட்டும் டம்ளராகப் பார்ப்பேனா?

இன்னொரு விஷயமும் இருந்தது. மாதத்தில் அந்த நாட்களில் ரேணுகா தறியைத் தொடக்கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். பட்டுக்கு ஆகாது என்பார்கள். பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். தறி நின்றுவிடக் கூடாது என்பதால் கதவைச் சாத்திவிட்டு என்னை நடுவில் உட்காரச் சொல்வார்கள். ரேணுகாவின் அம்மா பொன்னம்மாள் கரைப்பக்கம் வந்து உட்காருவாள். மிதியை மிதித்து, நாடாவை விட்டு, பலகையை அடித்து நான் நெய்வேன். முந்தானையைக்கூட ஒருதரம் நான் நெய்திருக்கிறேன். ஒருநாள் பன்னீர்செல்வம் மாமா விளக்கை நெருங்கப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல எது என் பொண்ணு நெய்தது, எது நீ நெய்தது?” என்று கேட்டார். அவருக்கே தெரியவில்லை. “வெளிய சொல்லாதம்மா. எங்க ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க,” என்றார். நான் சொல்லவில்லை. எதற்காக நான் நடுவில் உட்கார்ந்தேன் என்று சொன்னால் ரேணுகாவின் விஷயமல்லவா வெளியே வரும்.

அந்த ஆடியில் அவர்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் திருவிளக்கு பூஜை என்று தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்து பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் போற்றி சொல்லச் சொல்வாராம். முடிந்ததும் ஒலிபெருக்கியில் பேசுவார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனிக்கு அது இரைச்சலாக மட்டும் கேட்கும். சனிக்கிழமை காலைகளில் ரேணுகா நெற்றி நிறையக் குங்குமத்தோடு தறிக்கு வருவாள்.

“நூத்துக்கணக்குல வெளக்குடி. பார்க்கவே கண்ணு கூசுது.”

“அந்த அம்மா இன்னா பேசறாங்க?”

“அதெல்லாம் எங்க விஷயம். நீ கதைய சொல்லு.”

நான் கதையைச் சொன்னேன். விளக்குகள் அழகாக இருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் இடத்துக்கு வந்தோம். புகுந்த வீட்டுக்குச் சீதனமாகப் போகும் ஆட்களின் பெயர்களை அவள் அப்பா வாசிக்கிறார். சின்னவளின் பெயரும் வருகிறது. எல்லோரும் பெரியவளின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். மறுநாள் விடிவதற்குள் சின்னவள் உறைந்த ஆற்றில் இறங்கி ஓடுகிறாள். நடு ஆற்றில் பனிப்பாளம் பிளக்கிறது. ஆள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. கரையில் பெரியவள் மட்டும் கூந்தலை விரித்தபடி நின்று கத்துகிறாள்.

இதைச் சொல்லி நான் நிமிர்ந்தபோது ரேணுகா அழுதுகொண்டிருந்தாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு, நெய்த பட்டின் மேல் விழுந்து வட்டமாகப் பரவியது. பொன்னம்மாள் ஓடிவந்து துணியால் ஒற்றி எடுத்தாள். “எந்த ஊரு சிறுக்கிக்கோ இங்க உக்காந்து அழுவறியே, கறை வுழுந்தா யாருடி வாங்குவான்?” என்று மகளைத் திட்டினாள். ரேணுகாவுக்கு அன்று முழுக்கக் கண் சிவந்தே இருந்தது.

எனக்குள் என்னவோ நிறைந்து வழிந்தது. இவள் சின்னவளுக்காக அழுகிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பனியைக் கண்ணால் பார்க்காதவள், எங்கோ ஒரு அடிமைப் பெண்ணுக்காக அழுகிறாள். அப்படியானால் இவளிடம் எதையும் கேட்கலாம்.

கேட்டேன். பெண்களுக்கென்று தனியாக ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப் போவதாகப் பேச்சு இருந்தது. சேருகிற பெண்ணுக்குச் சங்கமே தறி கொடுக்கும். பாவு நூலும் சரிகையும் கொடுக்கும். நெய்து கொடுத்தால் கூலி. யார் வேண்டுமானாலும் சேரலாம், நெசவு தெரிந்திருந்தால் போதும். தெரியும் என்று சங்கத்தில் சேர்ந்த ஒருத்தி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரேணுகாவின் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள்.

“நானும் கேக்கட்டுமாடி?” என்றேன்.

அவள் அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தாள். “கேளேன். கேக்கறதுல இன்னா போச்சு.”

“நீ சொல்லுவ இல்ல?”

“இழைய பிடி, நழுவுது பாரு.”

நான் இழையைப் பிடித்தேன். அவள் சம்மதித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த மூலையில் குழி வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் என்று முடிவு செய்தேன். அம்மா ஆட்டை வெளியே கட்டச் சம்மதித்தாள். அப்பா கழனி வேலையிலிருந்து வந்து, மேலுக்குக் கூடத் தண்ணீர் ஊற்றாமல் கடப்பாறையை எடுத்து மண் எப்படி இருக்கிறதென்று குத்திப் பார்த்தார். “இளகுன மண்ணுதான். ஒரு நாள்ல வெட்டிடலாம்,” என்றார். எங்கள் காலனியில் அதுவரை யார் வீட்டிலும் தறி இல்லை.

சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் நடந்தது. வேலூரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். நெசவுக்காரத் தெருப் பெண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலும் ஜன்னல்களிலும் ஆண்கள் நின்றார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அதிகாரி என் பெயரை வாசித்தார்.

“பாக்கியமேரி. நெசவு தெரியுமாம்மா?”

“தெரியுங்க சார்.”

“எங்க கத்துக்கின?”

“ரேணுகா வீட்ல சார். அவங்க தறியிலதான் உக்கார்றேன்.”

அதிகாரி ரேணுகாவைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு நெய்யத் தெரியுமா? நீ சொன்னா எழுதிக்கலாம்.”

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ரேணுகா தலையைக் குனியவில்லை. எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாகச் சொன்னாள். “கரை கோக்கும் சார். நெய்யத் தெரியாது.”

“கரை கோக்கறவ தறி கேக்கறாளாம்!” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். “நாளைக்கு தார்க்குச்சியில நூல் சுத்தறவளும் வருவா,” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. ஜன்னலில் நின்ற ஆண்களும் சிரித்தார்கள்.

“தனியா நெய்து இருக்கியாம்மா? எப்ப நெய்த?” என்று அதிகாரி என்னையே கேட்டார். நல்ல மனுஷர்தான். காத்திருந்தார்.

எப்போது என்று நான் எப்படிச் சொல்ல? பதில் என் வாய்வரை வந்தது. ஜன்னலில் ஆண்கள். பெஞ்சில் ரேணுகா. அவள் என்னை நேராகப் பார்த்தபடி நின்றாள். நான் பேசாமல் நின்றேன். அதிகாரி அடுத்த பெயரை வாசித்தார்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது கோட்டைச் சுவரோரம் ரேணுகாவைப் பிடித்தேன். கூட வந்த பெண்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு நின்றாள்.

“ஏண்டி அப்படி சொன்ன?”

“எப்படி சொன்னேன்? கரை கோக்கறன்னு சொன்னேன். பொய்யா?”

“மாசா மாசம் நடுவுல யாரு உக்காந்தாங்க?”

“அத அங்க சொல்ல வேண்டியதுதானே.”

“அத்தனை ஆம்பளைங்க முன்னாடி உன்னைப் பத்தி எப்படிடி சொல்றது?”

“சொல்லமாட்டன்னு தெரியும்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“உங்கப்பா சொல்லச் சொன்னாரா?”

“அவரா? அவரு சேத்துக்கலாம், பாவம்னுதான் சொன்னாரு. நான்தான் கூடாதுன்னேன்.” அவள் குரல் மாறியது. ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்ட குரல், இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. “இது எங்க ஜனத்தோட தொழில் மேரி. எங்களுக்கு வேற இன்னா கீது? உங்களுக்கு வெள்ளக்காரன் பள்ளிக்கூடம் கட்றான், பால்பவுடர் அனுப்பறான். சர்க்கார்ல உங்களுக்குத் தனியா சீட்டு வச்சிகீறான். தறி ஒண்ணுதான் எங்களுது. அதுலயும் வந்து உக்காந்தா? இன்னிக்கு ஒரு தறின்னு விட்டா நாளைக்குத் தெருவே போயிடும். எல்லாரும் முழிச்சிகினு இல்லன்னா நாம அழிஞ்சிடுவோம்.”

அந்த ‘நாம’வில் நான் இல்லை. அவளும் நானும் ஒரே குழியில் கால்விட்டு உட்கார்ந்து பேசிய இத்தனை காலத்தில், இந்தப் பேச்சு எங்கே இருந்தது? வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்ததா, இல்லை முன்பே இருந்து அந்த அம்மா வந்து பெயர் மட்டும் வைத்தாரா?

“எங்களுக்கு சர்க்கார்ல ஒண்ணும் கெடையாது ரேணு,” என்றேன். “கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தீங்க இல்ல, நீங்க அந்த ஜாதி இல்லன்னு சொல்லிட்டான். ஊர்ல மட்டும் அந்த ஜாதிதான். எங்க அண்ணன் வேலைக்கு எழுதிப் போட்டு திரும்பி வந்தது உனக்குத் தெரியாதா? உன்கிட்ட சொல்லி அழுதேனே.”

அவள் முகம் கனிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப திரும்பி வந்துடேன்டி. அந்த அம்மாகிட்ட நான் சொல்றேன். பொட்டு வச்சா நீ எவ்ளோ அழகா இருப்ப தெரியுமா?”

“வந்துட்டா தறி குடுப்பீங்களா?”

“அது...” என்று இழுத்தாள். நிஜமாகவே எனக்கு உதவத்தான் வழி தேடினாள். “காலனிக்குன்னு தனியா ஒரு சங்கம் வப்பாங்க. கேட்டு சொல்றேன்.”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா குழி வெட்ட ஆரம்பித்திருந்தார். முழங்கால் ஆழம் இறங்கியிருந்தது. நான் எதுவும் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறினார். தோண்டிய மண்ணை மறுபடி தள்ளி மிதித்தார். அம்மா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து அதே மூலையில் கட்டினாள்.

“காலையில போய் உக்காரு,” என்றாள் அம்மா.

“போவ மாட்டேன்.”

“பாதி சேலை தறியில நிக்குது. நீ போவலன்னா வேற ஒருத்திய வச்சிப்பாங்க. கோவத்த வச்சி உலை வைப்பியா? இந்த ஊர்ல நமக்குன்னு வேற யாரு கதவத் தொறந்து வச்சிகினு கீறாங்க?”

போனேன். ஆற்று மணலில் நடந்தேன். அது மணலாக இருந்தது. காலில் சுட்டது.

ரேணுகா ஒன்றும் நடக்காதது போலவே இருந்தாள். “வந்துட்டியா, பயந்தே பூட்டேன்,” என்றாள். எனக்காக மாடத்திலிருந்து டம்ளரை எடுத்து, தண்ணீரைச் செம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றினாள். செம்பு டம்ளரில் படாமல் தண்ணீர் மட்டும் விழுந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் ஊற்றுவாள். அன்றுதான் பார்த்தேன். எனக்குத் தாகம் இல்லை என்றேன்.

குழியில் காலை விட்டோம். தோள் உரசியது. அவள் நாடாவை விட்டாள், நான் கோர்த்தேன்.

“எனக்கு உன்மேல கோவம் ஒண்ணுமில்லடி,” என்றாள்.

நான் தலையைத் தூக்காமல் அடுத்த இழையைக் கோர்த்தேன்.

“ஊமை மாதிரி உக்காராத. பேஜாரா கீது. கதைய சொல்லு. மீதி இன்னா ஆச்சு?”

“மீதி இல்ல. அந்த எடத்துல பக்கம் கிழிஞ்சி போச்சு.”

புத்தகம் என் பையில், சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பாதிக் கதை இருந்தது. சின்னவள் அக்கரை ஏறிவிட்டாள். அவளை ஒரு மீன்காரக் குடும்பம் சேர்த்துக்கொள்கிறது. அதை இவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

“அடப்பாவமே,” என்றாள் ரேணுகா. நாடா அவள் கையிலேயே நின்றது. “அப்ப பெரியவ கதி இன்னா ஆச்சுன்னே தெரியாம போச்சா? அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு அவ நெனப்புதாண்டி.”

“பெரியவ நெனப்பா?”

“பின்ன? அந்தப் பனியில தனியா நின்னுகினு கத்தறாளே. எவ்ளோ பாசமா வச்சிகினு இருந்தா அவள! கூடவே படுக்க வச்சா, கைக்குட்டை குடுத்தா. கொஞ்சம் கூட நன்றி இல்லாம வுட்டுட்டு ஓடுனாளே அந்தக் கழுத. கல்யாணம் வரப்போவுது. இனிமே அவளுக்கு யாரு தலை பின்னி வுடுவாங்க?” அவள் கண்ணில் மறுபடி நீர் கட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “நானா இருந்தா தாங்கியிருக்க மாட்டேன்.”

பட்டின் மேல் அந்தப் பழைய சொட்டின் வட்டம் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாண்டிச் சேலை கொஞ்ச தூரம் வளர்ந்திருந்தது. பொன்னம்மாளின் கண்ணுக்கு அந்த வட்டம் தெரியாது. எனக்குத் தெரியும்.

“இன்னாடி நிறுத்திட்ட? ஐப்பசி வருது, ஜல்தியா கோரு,” என்றாள்.

அவள் நாடாவை விட்டாள். ஒரே ஒரு முறை கையைப் பிடித்துக்கொண்டால் போதும். அவள் இழை ஒரு பக்கமும் கரை ஒரு பக்கமுமாகச் சேலை பிளந்து நிற்கும். மாமா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். இம்முறை எது யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

என் கை தானாகப் போய்க் கோர்த்தது. அடுத்ததும் கோர்த்தது. அதற்கடுத்ததும். அன்று பொழுது சாயும்வரை அது ஒரு இழைகூடத் தவறவில்லை.